வெர்ன் கெஸ்ஸல் அடிலெய்டு போன கதை

வெர்ன் கெஸ்ஸலோடு எங்கள் ஊரில் இருபத்தோரு வருஷம் யாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பீர் குடித்ததில்லை. அவர் மதுக்கடைக்கு வராமல் இருந்தார் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வருவார். கடைக்காரர் ஒரு கிளாஸில் ஊற்றி, கவுண்டரின் கோடியில் தள்ளி வைப்பார். வெர்ன் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்புவார். அவர் வெளியே போய்க் கதவு சாத்துவதற்குள் அந்தக் கிளாஸைத் தொட்டியில் போட்டு உடைப்பார்கள். சத்தம் அவர் காதில் விழ வேண்டும், அதற்காகத்தான் அந்த அவசரம்.

எங்கள் வில்காரா ஆடுகளால் பிழைக்கிற ஊர். சுற்றியிருக்கும் பண்ணைகளில் ஆட்டு ரோமம் கத்தரிப்பதுதான் ஆண்களின் வேலை. எண்பத்து மூன்றில் அந்தத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கத்தரிக்கும் இயந்திரத்தின் முனையில் ஒரு சீப்பு இருக்கும். பண்ணைக்காரர்கள் அதை அகலமாக்கச் சொன்னார்கள். அகலச் சீப்பு வந்தால் ஒருவன் இரண்டு பேர் வேலையைச் செய்வான், பாதிப் பேருக்கு வேலை போகும் என்றது சங்கம். பத்து வாரம் ஊரே பட்டினி கிடந்தது. அந்தப் பத்து வாரமும் வெர்ன் அகலச் சீப்பை வைத்து நான்கு கொட்டகைகளில் கத்தரித்தார். வேலைநிறுத்தம் தோற்றது. அடுத்த வருஷமே எல்லோர் கையிலும் அகலச் சீப்பு. அவரைத் திட்டியவர்களும் அதை வைத்துத்தான் கத்தரித்தார்கள். ஆனால் கருங்காலி என்ற பெயர் அவர் ஒருவருக்குத்தான்.

அவருடைய நாய்க்கு விஷம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் மகளின் மேஜையில் ஆணியால் அந்த வார்த்தையைக் கீறினார்கள். மனைவி ஷெர்லி ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு குயின்ஸ்லாந்து போய்விட்டாள். வெர்ன் போகவில்லை. "வீடு என்னுது" என்றாராம். வேறு காரணம் எதுவும் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

நான் வில்காராவுக்கு வந்தது எண்பத்தேழில். நெடுஞ்சாலை ஓரத்தில் நோலீன் டகனின் கடையில் சமையல் வேலை. பெட்ரோல், சாப்பாடு, பஸ் டிக்கெட் எல்லாம் அங்கேதான். வேலைநிறுத்தத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு மாதத்துக்குள் நானும் வெர்னோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஊரோடு சேர்ந்து ஒருவரை வெறுப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

நோலீனுடைய வெறுப்புக்கு வேர் உண்டு. அவள் புருஷன் கோல்தான் உள்ளூர்ச் சங்கத்துக்குச் செயலாளர். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எந்தப் பண்ணைக்காரனும் அவனை உள்ளே விடவில்லை. ஏழு வருஷம் குடித்தான். ஒரு மத்தியானம் காரை நேராக மரத்தில் கொண்டு போய் மோதினான். சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லை. "என் புருஷனக் கொன்னவன் இன்னும் தெருவுல நடக்குறான்" என்பாள் நோலீன், உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாக.

இரண்டாயிரத்து நான்கு மே மாதம் வெர்னின் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை வருகிற டாக்டர் பார்த்துவிட்டுக் குரல்வளையில் கட்டி என்றார். புற்று. ஆரம்பக் கட்டம், கதிர்வீச்சு கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்வார்கள். ஆறு வாரம் அடிலெய்டில் இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடிக்கிற முகமூடிக்கு அச்சு எடுக்க வரச் சொன்னார்கள். எங்கள் ஊர் மருத்துவ நிலையத்தில் ஒரே நர்ஸ், கிளெனிஸ். அவள் வெளியூர்க்காரி, வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தங்குமிடம், படிவம் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

மீதி இருந்தது ஐநூற்று இருபது கிலோமீட்டர். வெர்னிடம் வண்டி இருந்தது. ஆனால் கண்ணில் புரை. வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் மட்டும் ஓட்டலாம் என்று லைசென்ஸில் எழுதியிருந்தார்கள். ரயில் நின்று பல வருஷம். பஸ் திங்களும் வியாழனும். தபால் விமானம் புதன்கிழமை, எட்டு இருக்கை.

அவர் டிக்கெட் வாங்க வந்த அன்று நான் கல்லில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். பதினேழு வருஷத்தில் அவர் நோலீன் கடைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம அடிலெய்டுக்கு ஒரு சீட்டு வேணும், நோலீன்." குரல் மணல்காகிதம் உரசுவதுபோல் வந்தது.

"அடேயப்பா, வெர்னு! பட்டணத்துக்கா? என்ன விசேஷம்?"

"ஆஸ்பத்திரி."

"தொண்டையா?"

"ஆமா."

"அதான் ஊரு இவ்ளோ அமைதியா இருக்கா." சிரித்துக்கொண்டே டிக்கெட் எழுதிக் கொடுத்தாள். "பத்து நாப்பதுக்கு வரும். வெளிய பெஞ்சுல உக்காரு. பத்திரமா போய்ட்டு வா."

அவர் போனதும் பஸ் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டிய தாளை எடுத்து மடித்து, கறி அடைத்த பலகாரம் சூடு பண்ணுகிற பெட்டியின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெங்காயம் கருகுது பாரு, பெவ்."

நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

எங்கள் கடை வாசலில் கம்பத்தில் ஒரு சிவப்புத் தட்டு உண்டு. ஏற ஆள் இருந்தால் தட்டைச் சாலைப் பக்கம் திருப்பி வைப்பாள். ஃபேக்ஸும் இல்லை, தட்டும் திரும்பவில்லை என்றால் பஸ் நிற்காது. திங்கள்கிழமை வெர்ன் பத்து மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு. கால்களுக்கு நடுவில் தோல் பெட்டி. உள்ளே ஏழெட்டுப் பேர் காபியை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகத் திங்கள் காலையில் இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

பஸ் வந்தது. வெர்ன் எழுந்து பெட்டியைத் தூக்கினார். வேகம் குறையவில்லை என்று தெரிந்ததும் கையை ஆட்டினார். வாயைத் திறந்து கத்தினார், சத்தம் வரவில்லை. டிரைவர் அவரைப் பார்த்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே சிரித்த சிரிப்பில் ஒருவன் காபியைக் கொட்டிக்கொண்டான். நோலீன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"என்ன வெர்னு, வுட்டுட்டியா?"

"அது நிக்கல."

"நிக்காது. மறியல் நடக்குற எடத்துல நல்ல பஸ்ஸு நிக்காது, தெரியாதா?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் திரும்பி நடந்தார். கிளெனிஸ் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். புதன்கிழமை விமானத்தில் ஒரு இடம் பிடித்தாள்.

விமானிக்குச் சாண்ட்விச் கொடுப்பது என் வேலை, அதனால் நானும் ஓடுபாதைக்குப் போயிருந்தேன். கால்பந்து கிளப் தலைவர் ரெக்ஸ் லிண்ட்னர் தன் வண்டியில் ஒரு பெரிய இரும்புச் சாமானோடு வந்து நின்றார். மதுக்கடைக் குளிர் அறையின் இயந்திரம். பழுதுபார்க்க அடிலெய்டுக்கு அனுப்ப வேண்டுமாம். அவரோடு பத்துப் பன்னிரண்டு பேர். விமானி இயந்திரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இத ஏத்தினா ஒரு ஆள எறக்கணும். கனம் தாங்காது."

"அவ்ளோதான? ஜனநாயக முறைப்படி முடிவு பண்ணிருவோம்" என்றார் ரெக்ஸ். ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். பழைய சங்கக் கூட்டங்களில் கோல் பேசுவதுபோல் குரலை மாற்றிக்கொண்டார். "தோழர்களே! குளிர்ந்த பீரா, கருங்காலியா? பீர் பக்கம் இருக்கவங்க கை தூக்குங்க!"

எல்லாக் கைகளும் மேலே போயின. வெர்ன் விமானத்தின் படியில் ஒரு காலை வைத்தபடி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது என் கையும் மேலே இருந்தது. எப்போது தூக்கினேன் என்று தெரியாது. தூக்கியிருந்தேன், அதுதான் உண்மை.

"எதிர்ப்பு?" என்றார் ரெக்ஸ்.

"அவருக்குப் புத்துநோய், மனுஷங்களா நீங்க?" என்று வெர்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த கிளெனிஸ் கத்தினாள். "இந்த மிஷின் அடுத்த வாரம் போனா செத்துருமா?"

"நர்சம்மா, நீங்க ஊருக்குப் புதுசு. உங்களுக்கு ஓட்டு இல்ல."

கிளெனிஸ் விமானியின் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரக்கு மொதல்லயே பதிஞ்சிருக்கும்மா" என்றான். பதிந்திருக்கவில்லை. அவன் வாரா வாரம் எங்கள் ஊரில் இறங்க வேண்டியவன், ரெக்ஸோடு பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. வெர்ன் படியிலிருந்து காலை எடுத்தார். அவர் உட்கார வேண்டிய இருக்கையில் இயந்திரத்தை வைத்து அதற்குப் பெல்ட்டும் போட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக வெள்ளி காலை ஒன்பது மணி என்றார்கள். அதையும் விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான். கிளெனிஸ் நிலையத்தைப் பூட்டிவிட்டுத் தானே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். ஆனால் புதன் ராத்திரியே ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. நகர முடியவில்லை. வியாழன் பஸ்ஸுக்கு நேராகக் கம்பெனியிலேயே சொல்லி நிறுத்த வைக்கிறேன் என்றாள். வெர்ன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ வாசல்ல இன்னொரு தடவ நிக்க மாட்டேன்."

"உசுரு போற விஷயம், வெர்ன்."

"நிக்க மாட்டேன்னா நிக்க மாட்டேன்."

அந்தப் பிடிவாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அன்றைக்கு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பஸ் நின்றிருக்கும். அதற்குப் பதில் வியாழன் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் கடையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடந்து போய், சாலையோரம் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

அந்த வாரக் கடைசியில் அடிலெய்டில் பெரிய கால்பந்து ஆட்டம். எங்கள் ஊரிலிருந்தே அன்று காலை நான்கு கார்கள் போயின. எல்லாவற்றிலும் இடம் இருந்தது. மூன்று கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நான்காவது ரெக்ஸுடையது. அது ஐம்பது அடி தள்ளி நின்று, பின்கதவும் திறந்தது. வெர்ன் பெட்டியோடு ஓடினார். அறுபத்து நாலு வயது, நாற்பது வருஷம் குனிந்து ஆடு கத்தரித்த முதுகு. கதவைப் பிடிக்கப் போகையில் கார் நகர்ந்தது. இன்னொரு ஐம்பது அடி தள்ளி நின்றது. அவர் மறுபடி ஓடினார். இதை எனக்கு ரெக்ஸின் மனைவிதான் சொன்னாள், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. "மூணாவது தடவயும் ஓடி வந்தாரு பெவ்! மூணாவது தடவயும்!"

மத்தியானம் ஒரு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டவன் கர்ட் ஹென்ஷ்கே. தெற்கிலிருந்து வருகிற லாரிக்காரன், மூன்றடுக்கு ஆட்டு வண்டி. அடுத்த வாரம் எங்கள் கடையில் முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டே அந்தப் பயணத்தைச் சொன்னான். வழியில் கீழ்த்தட்டில் இரண்டு ஆடு விழுந்துவிட்டன. மற்ற ஆடுகள் மிதித்துக் கொல்வதற்குள் நிமிர்த்த வேண்டும். வெர்ன் கல்யாணக் கோட்டோடு மண்டியிட்டு உள்ளே ஊர்ந்து இரண்டையும் நிமிர்த்தினாராம்.

"நான் ஒருநாளும் பாக்காத கை வேகம்" என்றான் கர்ட். "ஏன்யா உன்ன ஊருல இப்பிடி வெறுக்குறானுங்கன்னு கேட்டேன். கதயச் சொன்னாரு. சரி, எதுக்குத்தான் போய்க் கத்தரிச்ச, வீட்ல பசியான்னேன். இல்லன்னுட்டாரு."

"அப்புறம்?"

"'நான் நல்லாக் கத்தரிப்பேன். அகலச் சீப்புல இன்னும் நல்லாக் கத்தரிச்சேன். ஆசயா இருந்துச்சு'ன்னாரு. அவ்ளோதான்."

நோலீன் கல்லாவில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். ஒரு துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

கர்ட் போக வேண்டிய இறைச்சித் தொழிற்கூடம் நகரத்துக்கு அறுபது கிலோமீட்டர் முன்னால். வாசலில் லாரி வரிசையில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று விதி, அதற்கு மேல் ஓட்டினால் அவன் லைசென்ஸ் போகும். வெள்ளி காலையில் வெர்னை உள்ளூர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டான். ஆபீஸ் போகிற கூட்டம். கோட்டிலும் பெட்டியிலும் ஆட்டு மூத்திர நாற்றம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து போக, அவ்வளவு கூட்டத்திலும் அவரைச் சுற்றி எட்டு இருக்கை காலியாக இருந்ததாம். பிறகு கிளெனிஸிடம் அவரே சொன்னது இது. நகரத்தில் இறங்கித் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டார். யாரிடமாவது வழி கேட்கலாம் என்றால் குரல் வரவில்லை. ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தபோது மணி பத்து நாற்பது.

அங்கே இருந்த பெண் நல்லவள். உட்கார வைத்து டீ கொடுத்தாள். ஆனால் இடம் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து வாருங்கள், அதுவரை நோயாளிகளுக்கான தங்குமிடத்திலும் சேர்க்க முடியாது என்றாள். சனியும் ஞாயிறும் அவர் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. திங்கள்கிழமை பஸ்ஸில் வில்காராவுக்குத் திரும்பினார். ஆளை இறக்க மட்டும் எங்கள் வாசலில் பஸ் நன்றாகவே நின்றது.

உள்ளே வந்து டீ கேட்டார். "காயிதக் கப்புல குடு" என்றாள் நோலீன் எனக்கு மட்டும் கேட்கிறாற்போல். கொண்டுபோய் வைத்தேன். அவர் என் மணிக்கட்டைத் தொட்டுக் குனியச் சொன்னார்.

"தட்டு திரும்பாததப் பாத்தேன். எதோ வேற ஏற்பாடுன்னு நெனச்சிட்டேன்" என்றார், மூச்சுக் காற்றாக. "உனக்கு முன்னாடியே தெரியுமா, பெவ்?"

"தெரியும்" என்றேன்.

"சரி."

டீயைக் குடித்து முடித்தார். ஊதி ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக, ரொம்ப நேரம் குடித்தார். என் மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து கிளெனிஸ் தன் காரை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள். அதற்காக லீவு போட்டு, மாற்று நர்ஸையும் வரவழைத்திருந்தாள். வெர்ன் கதவைத் திறந்து தலையை ஆட்டினார்.

"போய்ட்டு வந்தாச்சு, நர்சம்மா. போதும்."

"இப்ப நான் கூட்டிட்டுப் போறேன். யார்கிட்டயும் கெஞ்ச வேணாம்."

"குணமாகி எங்க வரணும்? இங்கதான?"

அவள் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றாள். அவர் உள்ளே போய் ரேடியோ வைத்துவிட்டார்.

பிப்ரவரியில், வெயில் நாற்பத்து நாலு அடித்த ஒரு மத்தியானம், மூச்சு அடைத்து வீட்டு முற்றத்தில் விழுந்தார். இந்தத் தடவை யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் விமானம் வந்து எழுபது நிமிஷத்தில் அவரை அடிலெய்டுக்குக் கொண்டுபோனது. பைசா செலவில்லை. நான்காம் நாள் இறந்துபோனார். குயின்ஸ்லாந்துக்குச் செய்தி அனுப்பினார்கள், அங்கிருந்து யாரும் வரவில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் கிளெனிஸ் கடைக்குள் வந்து நடுவில் நின்றாள்.

"நாளைக்கு அடிலெய்டு போறேன். கார்ல நாலு பேருக்கு எடமிருக்கு. யார் வர்றீங்க?"

ரெக்ஸ் பத்திரிகையைப் பிரித்தார். நான் வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை.

"நான் வரேன்" என்றாள் நோலீன்.

ரெக்ஸ் பத்திரிகையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். மறுநாள் காலை கறுப்பு உடையில் வந்து காரின் பின்சீட்டில் ஏறினாள். ஐநூற்று இருபது கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு மாறிவிட்டாள் போல என்று கிளெனிஸ் நினைத்துக்கொண்டாளாம். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாளாம், சாய்ந்துகொள்ளக் கழுத்துக்குத் தன் கம்பளிச் சட்டையை மடித்துக் கொடுத்தாளாம். கல்லறையில் இவர்கள் இரண்டு பேர், ஒரு பாதிரியார், மண் தள்ளுகிறவர் ஒருவர். பெட்டி இறங்கி மண் மூடுகிறவரை நோலீன் நகரவில்லை. கிளெனிஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

"வந்ததுக்கு நன்றி, நோலீன்."

"நன்றியெல்லாம் எதுக்கு?" என்றாள் நோலீன். "நெசமாவே போய்ச் சேந்துட்டானான்னு என் கண்ணால பாக்கணும்ல. நீங்க சொன்னா நம்பிருவேனா?"

திரும்புகிற வழியில் ஒரு மீன் கடையைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். பொரித்த மீனும் சிப்ஸும் வாங்கி, மடியில் காகிதத்தை விரித்து, உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டே முழுசும் சாப்பிட்டாள். கிளெனிஸ் வெளியே வெயிலில் நின்றாள்.

ஏப்ரலில் கிளெனிஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு நர்ஸ் வரவே இல்லை. இப்போது வில்காராவில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமென்றாலும் நூற்று நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். ரெக்ஸுக்குச் சர்க்கரை, மாதம் இரண்டு தடவை போகிறார். நோலீன் இன்னும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இன்னும் அவள் கடையில்தான் சமைக்கிறேன்.